வடிகஞ்சி குடித்தவன் எழுதுவது

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். கார் அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. பேரன் ஏழு மாதத்திலேயே தவழ்கிறான் என்பதை உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்றைக்குப் போனில், "அரிசியில் ஆர்சனிக் இருக்கிறதாம் அப்பா, பிள்ளைக்குச் சோறு கொடுப்பதை நிறுத்திவிட்டேன்" என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "பாஷாணத்தைப் பிசைந்து ஊட்டியா உன்னை வளர்த்தோம்?" என்று கேட்டும் தொலைத்தேன். நீ ஒன்றும் பேசாமல் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாய். அது எனக்கு இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு வாரமும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது அம்மா.

நெல்லில் விஷம் எப்படி வரும் என்று உன் அம்மா என்னோடு சண்டைக்கே வந்தாள். அவளுக்கு வயலை வைத்துத்தான் சொன்னேன். ஆர்சனிக் மண்ணிலேயே இருப்பது. காய்ந்த மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் சேற்றுக்குள் காற்றுப் போகாது; துரு கரையும், ஆர்சனிக்கும் அவிழ்ந்து தண்ணீரில் கலக்கும். சின்னப் பிள்ளையில் நீ வரப்பில் ஓடும்போது நெல் தோகை காலைக் கீறி ரத்தம் வருமே, அந்தக் கூர்மைக்குக் காரணம் மணலில் இருக்கிற சிலிக்கா. நெல் அதை ஆசையாக உறிஞ்சும். சிலிக்கா நுழைகிற அதே வாசல் வழியாகத்தான் ஆர்சனிக்கும் வேருக்குள் நுழைகிறதாம். கோதுமையைவிட நெல்லில் பல மடங்கு சேர்வது இதனால்தான்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் நெல்லில் இது குறைகிறது என்று படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வயல் மயிரிழையாக வெடித்த பிறகு மடையைத் திறந்தால் போதும் என்று சொன்னவர்களிடம், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடும்போது வயலை ஏன் காயப்போட வேண்டும் என்று சண்டை போட்டவன் நான்.

நீ அனுப்பிய போட்டோவில் அடுப்பு மேடையில் இரண்டு சாமான்களைப் பார்த்தேன். ஒன்று கைக்குத்தல் அரிசிப் பை, இன்னொன்று குக்கர். உடம்புக்கு நல்லது என்றுதான் அந்த அரிசியை வாங்கியிருப்பாய். நார்ச்சத்துக்கு அது நல்லதுதான். ஆனால் ஆர்சனிக் அதிகம் தங்குவது தவிட்டில். பிள்ளைக்குத் தீட்டிய வெள்ளரிசி போதும். அதிலும் நீ இருக்கும் டெக்சாஸ் பக்கத்து அரிசி வேண்டாம். அங்கே பருத்திக்கு ஆர்சனிக் மருந்து அடித்த நிலங்களில் பிறகு நெல் போட்டிருக்கிறார்கள். இந்திய பாஸ்மதியில் குறைவு என்கிறார்கள்.

குக்கர் விஷயம்தான் முக்கியம். அளந்து ஊற்றிய தண்ணீர் முழுவதையும் சோறே குடித்துவிடுகிறது. கரைந்து வெளியே வந்ததும் திரும்ப உள்ளேயே போகிறது. உன் ஆச்சி உலை நிறையத் தண்ணீர் வைத்து, கொதித்ததும் அரிசி போட்டு, வெந்ததும் வடிதட்டை வைத்துச் சாய்த்துவிடுவாள். அப்படி வடித்தால் ஏறக்குறைய பாதி ஆர்சனிக் போய்விடுகிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒரு பங்கு அரிசியை நான்கு பங்கு கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு பங்கு புதுத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் வற்ற வைக்க வேண்டும். வெள்ளரிசியில் 74 சதவீதம் குறைந்ததாம், சத்தும் அதிகம் வீணாகவில்லையாம். தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் இதெல்லாம். வங்காளத்தின் ஆழமில்லாத குழாய்க் கிணறுகளைப் போல ஆர்சனிக் கலந்த தண்ணீரில் பொங்கினால் சோற்றில் அது கூடத்தான் செய்யும்.

ஆச்சி வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு தினமும் ஒரு செம்பு குடித்தவன் நான்தான். 68 வயதில் இன்னும் மண்வெட்டி பிடிக்கிறேன் என்று உன்னிடம் வாதாடத்தான் நினைத்தேன். ஆனால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பையில் புற்றாக வருவதற்கு ஆர்சனிக் பல வருஷம் எடுத்துக்கொள்ளுமாம். நான் ஒருவன் தப்பியதை வைத்துப் பேரனுக்குக் கணக்குப் போட முடியாது. எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தைகள் நம்மைவிட மூன்று மடங்கு அரிசி சாப்பிடுகிறார்கள், அதுவும் எட்டாம் மாத வாக்கில்தான் உச்சம் என்கிறது உங்கள் அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை. குழந்தைகளுக்கென்று டப்பாவில் வரும் அரிசி மாவுக்கு 2020இல் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்ததும் அவர்கள்தான். தினம் மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி, இடையில் அரிசிப் பொரி பிஸ்கட் என்று கொடுக்காதே. ஒரு வேளை வடித்த சோறு பருப்போடு, ஒரு வேளை ஓட்ஸ், ஒரு வேளை கேழ்வரகுப் பால் என்று மாற்றிக் கொடு. சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவும், தொலி உளுந்தும் அவன் பெட்டியில் வருகின்றன. ஆச்சியின் வடிதட்டையும் வைக்கச் சொன்னேன். எடை கூடிவிடும் என்று அவன் முகத்தைச் சுளித்தான். உன் அம்மா உளுந்தில் ஒரு கிலோவைக் குறைத்து அதற்கு இடம் பண்ணிவிட்டாள். ஓரத்தில் ஒரு நெளிசல் இருக்கும். அது நீ ஏழாம் வகுப்பில் கோபத்தில் விட்டெறிந்தது.

இப்படிக்கு,
அப்பா