கேட்டால் எழுந்துவிடுகிறார்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பஸ்ஸில் இளவயதுக்காரர்கள் யாரும் எழுந்து இடம் தருவதில்லை, கண்டும் காணாததுபோல் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் மனம் நொந்து எழுதியிருந்தார். எழுந்திருக்காதவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அபராதம் வரை போவதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்கத் தோன்றியது: நீங்கள் ஒரு தடவையாவது வாய்விட்டு இடம் கேட்டீர்களா?

நான் கேட்டதில்லை. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலையும் விட்ட பிறகு, மறுபடி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. வயது அறுபதைத் தொடவில்லை, தலைமுடியும் டை புண்ணியத்தில் கறுப்பு. கோல் ஊன்றிய மனிதரின் படம் ஒட்டிய சீட்டுக்கு நேர் எதிரே மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் முட்டியிலிருந்து தொடை வரை சுருக்கென்று ஏறும். உட்கார்ந்திருப்பவரை மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? என் முழங்காலில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

ஒரு நாள் வலி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். அந்தச் சீட்டில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "காலில் ஆபரேஷன் ஆகியிருக்கும்மா, கொஞ்சம் இடம் தர முடியுமா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, எனக்கு மூணாவது மாசம். காலையிலேர்ந்து தலை சுத்துது" என்றாள். என் முகம் சுண்டிப்போனது. இத்தனை நாளும் நான் திட்டியவர்களில் எத்தனை பேர் இப்படி இருந்திருப்பார்களோ! நாங்கள் இரண்டு பேரும் திருதிருவென்று முழித்ததைப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த பையன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினான். "நீங்க உட்காருங்க" என்று எழுந்து, அவள் காலை மிதிக்காமல் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தான். அவனுக்கு நான் நிற்பதே அதுவரை தெரியாது.

அபராதம் என்று ஒன்று இருந்திருந்தால், அன்றைக்கு அந்த மூன்றாம் மாதப் பெண்ணிடம்தான் முதலில் வசூலித்திருப்பார்கள். கர்ப்பத்தில் குமட்டலும் களைப்பும் ஆளைப் புரட்டிப்போடுவது பெரும்பாலும் வயிறு வெளியே தெரியாத முதல் மூன்று மாதங்களில்தான். முதுகுத் தண்டு, இதயம், மூட்டு என்று கண்ணுக்குத் தெரியாத கோளாறுகள் எத்தனையோ. இதை யோசித்துத்தான் டோக்கியோவில் 2012இல் சிவப்பு நிறத்தில் ஓர் அடையாள வில்லை கொண்டுவந்தார்கள். பையில் மாட்டிக்கொண்டால் போதும், 'எனக்கு உதவி தேவைப்படலாம்' என்று அது சொல்லிவிடும். லண்டன் போக்குவரத்துத் துறை 2017இல் 'தயவுசெய்து எனக்கு இடம் கொடுங்கள்' என்றே எழுதிய பேட்ஜைத் தர ஆரம்பித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேட்ஜும் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டுமே. செல்போன் பார்க்கிறவர் செல்போனைத்தான் பார்ப்பார்.

கேட்பது என்னவோ சின்ன விஷயம்போலத் தெரியும். இல்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1970களில் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, உட்கார்ந்திருப்பவரிடம் போய் "உங்கள் இடத்தைத் தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லக் கூடாது. 100க்கு 68 பேர் இடம் கொடுத்துவிட்டார்கள்! சிலர் எழுந்தார்கள், சிலர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். 'நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை' என்று ஒரு சொத்தைக் காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது பாதிப்பேர்கூடத் தரவில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது, பேராசிரியர் தாமே போய்க் கேட்டுப் பார்த்த கதை. வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டதாம். ஒருவழியாகக் கேட்டு உட்கார்ந்த பிறகு, தாம் கேட்டதை நியாயப்படுத்துவதற்காகவே நோயாளிபோல் நடந்துகொள்ளத் தோன்றியதாம். முகமும் நிஜமாகவே வெளிறிப்போனதாம். அவருக்கே அப்படியென்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. "யாராவது எழுந்திருங்களேன்" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள். அந்த 'யாராவது' நான் இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கொடுக்கிறவர்களுக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. நான் ஆரோக்கியமாக இருந்த காலத்தில் ஒரு அம்மாவுக்காக எழுந்தேன். "என்னைப் பார்த்தா கிழவி மாதிரியா இருக்கு?" என்று சீறிவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எதுவும் சொல்லாமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள்போல எழுந்து நகர்ந்துவிடுவேன். அதிலும் ஒரு சிக்கல். நடுவிலிருந்து ஒரு திடகாத்திரமான ஆசாமி பாய்ந்து வந்து உட்கார்ந்துவிடுவார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாழ்தள பஸ்களில் பின்பக்கச் சீட்டுகள் பெரும்பாலும் படி ஏறித்தான் உட்கார வேண்டிய உயரத்தில் இருக்கும். சக்கரமும் இன்ஜினும் கீழே இருப்பதால் அப்படித்தான் அமைக்க முடிகிறது. ஆகவே முட்டி மடங்காதவர்களுக்கு முன்பக்கத்தில் படியில்லாமல் இருக்கும் சில சீட்டுகள்தான் கதி. பின்னால் நாலு சீட்டு காலியாகக் கிடந்தாலும் எங்களுக்கு அது மாடிவீடு மாதிரி. நல்ல கால் உள்ளவர்கள் ஏறியதும் நேரே பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், யாரும் யாருக்காகவும் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

ஜன்னலோரச் சீட்டைக் காலியாக விட்டு ஓரத்தில் உட்காருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. "உள்ளே தள்ளி உட்காருங்களேன்" என்றால் நகர மாட்டார்கள். முட்டியை மட்டும் இரண்டு அங்குலம் திருப்பி வழிவிடுவார்கள். அந்தச் சந்தில் நாம் கம்பி மேல் நடப்பதுபோல நுழைய வேண்டும். ஜன்னலோரச் சீட்டில் அவருடைய பை உட்கார்ந்திருந்தால், முதலில் அதனிடம் அனுமதி வாங்க வேண்டும்.

சரி, நிற்பவர்களுக்கு வருகிறேன். நடுப்பகுதியில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். ஆனால் கூட்டம் முழுக்கக் கதவை ஒட்டித்தான் நிற்கும். இது சுயநலம் என்று சொல்ல மாட்டேன், பயம். உள்ளே போய்விட்டால் நம் ஸ்டாப்பில் இறங்க விடுவார்களா என்ற பயம். ஒரு ஸ்டாப் முன்னதாகவே நகர ஆரம்பித்து, முன்னால் நிற்பவரிடம் "இறங்குறீங்களா?" என்று கேட்டால், இறங்காதவர் வழிவிடப்போகிறார். முதுகுப்பையைக் கழற்றிக் கால் நடுவில் வைத்தால் இன்னொருவர் நிற்க இடம் கிடைக்கும். மாட்டியிருப்பவருக்குத் தெரிவதில்லை, அவர் திரும்பும்போதெல்லாம் அது பின்னால் யார் முகத்திலாவது இடிக்கிறது.

கதவடியில் அடைத்துக்கொண்டு நிற்பதால் ஏறுவதும் இறங்குவதும் தாமதம். தாமதமாகிற பஸ்ஸுக்காக அடுத்த ஸ்டாப்பில் இன்னும் அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் நேரம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே மிச்சம் இருக்காது, வேகமாக வந்து இதன் வாலைப் பிடித்துவிடும். அரைமணி நேரம் காத்திருந்த பிறகு இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறதே, பல நேரம் அதற்குக் காரணம் இதுதான். பின்னால் வருவது காற்று வாங்கிக்கொண்டு வந்தாலும் நாம் முதல் பஸ்ஸில்தான் முண்டியடித்து ஏறுவோம்.

பஸ் நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கோல் ஊன்றியவர் படத்துக்குக் கீழே, 'இடம் வேண்டுமா? தயங்காமல் கேளுங்கள்' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தொண்டையில் சிக்கும் வார்த்தை வெளியே வர அது கொஞ்சம் கைகொடுக்கும்.

நான் இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன். நேற்று ஒருவர், "முடியாதுங்க, எனக்கும் இடுப்பு வலி" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்காரரைக் கேட்டேன்.

இப்படிக்கு,
முழங்கால் வலியுள்ள ஒரு வாசகி