ரோசா பார்க்ஸுக்குக் கால் வலிக்கவில்லை

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் முதல் நாள் சாயங்காலம் என் கடையில்தான் கூட்டம். "அக்கா, உரிமைக்குப் போராடுன தலைவர் யாரையாச்சும் பத்தி ரெண்டு பக்கம் எடுத்துக் குடுங்க" என்பார்கள். தலைவர் யார் என்பது முக்கியமில்லை, ரெண்டு பக்கம் முக்கியம். எடுத்துக் கொடுப்பேன்.

இந்த வருஷம் ஒரு பள்ளியில் என்னையே நடுவராகக் கூப்பிட்டுவிட்டார்கள். போய் உட்கார்ந்தால், நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது அப்படியே மேடையேறி வருகிறது. ரோசா பார்க்ஸைப் பற்றி ஆறு பிள்ளைகள் பேசினார்கள். வேலை முடிந்து கால் வலியோடு பஸ் ஏறிய கறுப்பினத் தையல்காரப் பெண், வெள்ளைக்காரருக்கு இடம் கொடுக்க மறுத்தார், அமெரிக்கா மாறிவிட்டது. ஆறு பேரும் இதையேதான் சொன்னார்கள். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், வீட்டுக்கு வந்து ஒழுங்காகப் படித்தேன்.

அந்த அம்மாவே பின்னாளில் எழுதியிருக்கிறார்: உடம்பு அசதி இல்லை, பணிந்து பணிந்து போனதில்தான் அலுத்துவிட்டது என்று. அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் (NAACP), தன் ஊரான மான்ட்கோமரி கிளையின் செயலாளராக இருந்தவர். 1955 டிசம்பர் 1 அன்று அவர் கைதானதும், அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, தான் வேலை பார்த்த கல்லூரியின் நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். தாள் மிச்சம் பிடிக்க ஒரு தாளில் மூன்று நோட்டீஸ். விடிவதற்குள் பல்லாயிரம். திங்கள்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள், அவ்வளவுதான் விஷயம். பேப்பர் சிக்கிக்கொண்டால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு மேடைப் பேச்சைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஒரு நாள் என்று தொடங்கியது 381 நாள் நடந்தது. நடந்தே வேலைக்குப் போனார்கள், கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஏற்றிப் போனார்கள். கடைசியில் ஜெயித்த வழக்கில் ரோசா பார்க்ஸின் பெயரே இல்லை. பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று வேறு நான்கு பெண்கள் போட்ட வழக்கு அது. அதில் ஒருத்தி கிளாடெட் கால்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே இடம் கொடுக்க மறுத்துக் கைதானவள், அப்போது வயது 15. உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வயது. ஒரு பிள்ளைக்கும் இவளைத் தெரியவில்லை.

சரி, அது தூரத்துக் கதை. நம் ஊருக்கு வருவோம். பொது ரோட்டிலும் கிணற்றிலும் குளத்திலும் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதே வருஷம் முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தவர் இமானுவேல் சேகரன். ராணுவத்தில் இருந்து, ஊர் திரும்பி, ஒடுக்கப்பட்ட தன் மக்களின் மரியாதைக்காக நின்று, 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 32. தீர்மானத்துக்கும் அந்தக் கொலைக்கும் நடுவில் 33 வருஷம். 2010ல் தபால்தலை வந்துவிட்டது. ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் நினைவு நாளான செப்டம்பர் 11 என்றால் தடை உத்தரவு, போலீஸ், பஸ் ஓடுமா ஓடாதா, இவ்வளவுதான். "வம்பு எதுக்கும்மா" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் வகுப்பில் சொல்லாவிட்டால், பிளெக்ஸ் பேனர் சொல்லிக்கொடுக்கும். அது எப்படிச் சொல்லிக்கொடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் இன்றைய தலைவர்கள். அதற்கும் கூகுளில் தேட வேண்டாம், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்குப் போனால் போதும். என் அம்மா முப்பது வருஷம் கடல்பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக் கட்டி, கண்ணாடி மாட்டி, முங்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிப்பார். துணியையும் மீறிப் பாறை கிழித்த தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986ல் தேசியப் பூங்கா ஆன பிறகு, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த கடலில் இவர்கள் திருடிகள் மாதிரி ஆனார்கள். பறித்த பாசியை அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்கள், ஏசுவார்கள். அதற்குப் பெண்கள் சங்கமாகக் கூடினார்கள். அதிகாரிகளிடம் உரிமை கேட்டதோடு நிற்கவில்லை. மாதம் 12 நாள்தான் எடுப்பது, இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் பரிசு, 10,000 டாலர், கிடைத்தது. பள்ளியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறார். நான் நடுவராக இருந்த போட்டியில் அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த போட்டிக்கு "எனக்குப் பிடித்த தலைவர்" என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். "நோட்டீஸ் யார் அடித்தார்கள்?" என்று கொடுங்கள். சங்கத்துக்கு முதல் சந்தா எவ்வளவு, கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது, எந்தப் பெண் புருஷனுக்குத் தெரியாமல் வந்தாள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். இதையெல்லாம் என் கடையில் பிரிண்ட் எடுக்க முடியாது. எனக்கு வியாபாரம் போகும், போகட்டும்.

ஒன்பதாம் வகுப்பைச் சின்னப்பாலத்துக்குக் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பாசிக்குப் போகிற நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வள்ளம் கரைக்கு வந்து, பாசியைக் காயப்போட்டு முடித்த பிறகு வந்தால் நிதானமாகப் பேசுவார்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
பாம்பன் ஜெராக்ஸ் கடைக்காரி