நாலு விநாடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான். பார்வையற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் வாசித்துப் பதிந்து கொடுக்கிறேன் என்றேனே, ஏழு பாடம் முடிந்துவிட்டது. நீ வாங்கி அனுப்பிய மைக்கை எல்லாரிடமும் காட்டுகிறேன். ஆனால் குரலைப் பதிந்து திருத்துகிற அந்த ஆடாசிட்டி மென்பொருளை ஒருநாள் போனில் சொல்லிக்கொடுத்ததோடு சரி, அப்புறம் நீ கூப்பிடவே இல்லை. மிச்சத்தை நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

வாய்க்கு நேராக மைக்கை வைத்தால் ‘ப’ எல்லாம் வெடிக்கிறது. பிற்காலப் பாண்டியர் பாடத்தைக் கேட்கவே முடியவில்லை. இப்போது சற்றுப் பக்கவாட்டில் வைக்கிறேன். பீரோவைத் திறந்துபோட்டு, அம்மாவின் சேலைகளைப் பார்த்தபடி வாசிக்கிறேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். திரையில் தெரிகிற குரல் அலையின் உச்சி -6 டெசிபலுக்குள் நிற்க வேண்டும். வாத்தியார் குரல், எங்கே நிற்கிறது! சத்தம் காட்டுகிற பட்டை சிவப்பைத் தொட்டால் உச்சி வெட்டுப்பட்டுவிடும், பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

இரைச்சல் நீக்குவதுதான் எனக்கு ஆச்சரியம். யாரும் பேசாத இரண்டு மூன்று விநாடியை முதலில் அதற்குக் காட்ட வேண்டும், இதுதான் இந்த அறையின் சத்தம் என்று. அப்புறம் மொத்தப் பதிவிலிருந்தும் அதை எடுத்துவிடும். ரொம்ப எடுத்தால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். அதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேட்டேன். நம் வீட்டில் இத்தனை சத்தமா! ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், புறா.

காது இப்படி ஆகிவிட்டது, அதனால் கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியில் சுவர் எதிரொலித்தது. சாமான் இல்லாத அறையில்தான் அப்படிக் கேட்கும். முன்பெல்லாம் பின்னால் குக்கர் விசில் வரும், பாப்பா கத்துவாள். வீடு மாறினீர்களா? வெள்ளை அடிக்கிறீர்களா? எதுவானாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது. “எல்லாரும்” என்கிறாய். அப்புறம் நாலு விநாடி தட்டையான கோடு. பிறகுதான் “நல்லா இருக்கோம்”. உனக்கு எப்போதும் நிற்கிற ‘ந’தான், எனக்குத் தெரியும்.

மௌனத்தையெல்லாம் தானாகக் கத்தரிக்கிற வசதி ஒன்று இதில் உண்டு. என் பாடங்களுக்கு அதைத்தான் போடுகிறேன். உன் செய்தியிலும் போட்டுப் பார்த்தேன். திக்கல் இல்லாமல் சரளமாக வந்தது. யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. உடனே கண்ட்ரோல் இசட் அடித்துப் பழையபடி ஆக்கினேன்.

ஆடாசிட்டி 2000-லேயே வந்துவிட்டதாம். நீ அப்போது ஏழாவது. கடையில், பஸ்ஸில், மாமா வீட்டில், எங்கே நீ சொல் வராமல் நின்றாலும் நான் முடித்துவைப்பேன். உதவி என்றுதான் சொல்லிக்கொண்டேன். உதவி இல்லை தம்பி, வெட்கம். வாத்தியார் பிள்ளை திக்குகிறான் என்று நாலு பேர் பேசக் கூடாது என்ற வெட்கம்.

பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். உன்னைக் கேட்டார்கள். “எனக்கு…” என்று நின்றாய். கூடம் முழுக்க உன்னையே பார்த்தது. “பிடிச்சிருக்காம்” என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், தட்டு மாற்றினார்கள். நீ என்ன சொல்ல வந்தாய் என்று வரும் வழியிலும் கேட்கவில்லை, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் நான் நடுவில் பேச மாட்டேன்.

அம்மா பருப்புப் பொடி அனுப்பக் கட்டிவைத்திருக்கிறாள். கூடவே மருமகளுக்கென்று ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய், மூடியில் அவள் பேரெழுதி. பார்சல் இன்னும் மேசை மேலேயே இருக்கிறது. அந்த டப்பாவை வைத்து அனுப்பலாமா என்று மட்டும் முதலில் சொல்.

அப்பா