தொகையை மட்டும் போடாதீர்கள், கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'விபத்தில் இறந்த பெண் குடும்பத்துக்கு ரூ.19 லட்சம் இழப்பீடு' என்று நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அந்தப் பெண் என் அம்மா. செய்தியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் நாங்கள் 'பத்தொம்பது லட்சம் வந்த வீடு' ஆகிவிட்டோம். "அப்பறம் என்னங்க, புள்ள கல்யாணத்துக்கு ஆச்சு" என்று கோயில் வாசலில் அப்பாவிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். கெட்டவர் அல்ல, அம்மாவின் காரியத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். இன்சூரன்ஸ் கம்பெனி அப்பீல் போகப்போகிறது, ஒரு பைசா இன்னும் கைக்கு வரவில்லை என்பது யார் காதிலும் ஏறுவதில்லை.

நான் தாராபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தீர்ப்பு நகல் கிடைத்ததும் தொகையைவிட அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்த்தேன். அம்மாவின் மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் (வாகன விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் நீதிமன்றம்) வைத்திருக்கிறது. வயது 46. நாற்பதைத் தாண்டி ஐம்பதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டி 15,000. நம்பியிருந்தவர்கள் அப்பா, நான், தம்பி, அப்பத்தா என நான்கு பேர். எனவே அம்மாவின் சொந்தச் செலவென்று கால் பங்கு கழித்து 11,250. (அம்மா கால் பங்கைத் தனக்கென்று செலவழித்தார் என்பதே எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்துத்தான் தெரியும்.) அதைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதுக்குரிய எண்ணான 13ஆல் பெருக்கினால் 17,55,000. இறந்தவரின் வயதைப் பொறுத்து எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் அந்த எண்; 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையில் இருப்பது. மிச்சம், மனைவியை இழந்த கணவருக்கும் தாயை இழந்த பிள்ளைகளுக்கும் தலைக்கு 48,400, பிறகு ஈமச் செலவு, சொத்திழப்பு (அம்மா இருந்திருந்தால் சேர்த்து வைத்திருக்கக்கூடியதற்கான தொகை). மொத்தம் 19,36,500.

இனி கம்பெனி தரப்பு சொன்ன கணக்கு. வீட்டில் சும்மா இருந்தவர், மாதம் 8,000 போதும். பிரேதப் பரிசோதனைச் சான்றில் 'சுமார் 55 வயது' என்று இருக்கிறது, அதையே எடுக்க வேண்டும். அப்படி வைத்தால் கூட்டுவது 10 சதவீதம்தான், பெருக்குவது 11ஆல். வருவது 8,71,200. சட்டம் அதேதான்; இரண்டு இடத்தில் எண் மாறினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. வயதை எங்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது இரும்புப் பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் எட்டாம் வகுப்பு டி.சி. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருந்தது. ஆதாரைவிடப் பள்ளிச் சான்றே வயதுக்கு ஏற்றது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

வருமானம்தான் பெரும்பாடு. அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும்போதுதான் அந்தக் குட்டியானை வண்டி மோதியது. ஆனால் சொசைட்டி பாஸ்புக் அப்பா பேரில் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அப்பா சொன்னது நகலில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'என் மனைவி எந்த வேலைக்கும் செல்லவில்லை என்றால் சரிதான்.' அவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வேலைக்குப் போவதென்றால் பனியன் கம்பெனிக்குப் போவது. சாணி அள்ளிப் பால் கறப்பதும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைப்பதும் அந்தக் கணக்கில் வராது.

அதே பாஸ்புக்தான் கடைசியில் கைகொடுத்தது. அம்மா இறந்த வாரத்தோடு அதில் பால் வரவு நின்றுபோயிருந்தது. மாடுகளை விற்றுவிட்டோம், கறக்க ஆள் இல்லை. பெயர் அப்பாவுடையதாக இருந்தாலும் கை யாருடையது என்பதை எங்கள் வக்கீல் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டித்தான் புரியவைத்தார்.

வீட்டு வேலைக்கு மதிப்புப் போட வேண்டும் என்பது புதிதல்ல. ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து வழக்கில், குடும்பப் பெண்களின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி என்ற விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி.ரமணா இன்னும் விரிவாக எழுதினார். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக மத்திய அரசின் கணக்கெடுப்பையே அதில் எடுத்துக் காட்டினார். இவ்வளவு இருந்தும் கீழே ஒவ்வொரு குடும்பமும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது. எங்கள் வழக்கில் மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் 1,46,250 ரூபாய் போகும். கம்பெனி வக்கீலுக்கு இது மனப்பாடம். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். இத்தகைய தீர்ப்பு அடுத்து வரும்போது தொகையோடு மூன்று எண்களையும் போடுங்கள்: மாத வருமானமாக எவ்வளவு வைத்தார்கள், வயது என்ன, எத்தனையால் பெருக்கினார்கள். இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தால், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருப்பதையும், குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் தை மாதம் இப்படித்தான் ஓர் அம்மா லாரியில் அடிபட்டு இறந்தார். "சம்பாரிக்காத பொம்பளைக்குக் கேஸ் போட்டு என்னங்க கெடைக்கும்" என்று அந்த வீட்டில் இன்னும் மனுவே போடவில்லை. உங்கள் பேப்பர் அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராபுரம்.