புதுப்பேட்டை பழைய ஸ்பேர் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுப்பேட்டையில பழைய பாடி பார்ட்ஸ் விக்கிற எல்லா அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம். நான் சென்னையில டிங்கரிங் பட்டறை வச்சிருக்கேன். டோர், பானெட், முன் சக்கரத்துக்கு மேல மூடுற ஃபெண்டர்னு எது தேவைப்பட்டாலும் கஸ்டமரை முதல்ல உங்ககிட்டதான் அனுப்புவேன், ஏன்னா லோக்கல்ல அடிச்ச புது டூப்ளிகேட் பீஸை விட கம்பெனி வண்டியில இருந்து கழட்டின பழைய பீஸ்தான் பக்கத்து பீஸோட விடுற இடைவெளி, அதான் கேப், சரியா வந்து உக்காரும், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. அதனாலதான் உரிமையோட கேக்குறேன், ஒவ்வொரு பீஸும் எந்த வண்டியில இருந்து கழட்டினதுனு அதுமேலயே மார்க்கர்ல எழுதி வைங்க.

மாருதி கார் ஒண்ணுக்கு "ஸ்விஃப்ட் டோர்"னு சொல்லி எடுத்து குடுக்குறீங்க. எந்த ஸ்விஃப்ட்? 2005ல வந்ததும் 2011ல வந்ததும் பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற வீல்பேஸே 2390 மில்லிமீட்டர்ல இருந்து 2430க்கு போயிடுச்சு, பாடியே வேற. 2014ல முன் பம்பர் மாறிச்சு, 2018ல மறுபடியும் முழு வண்டியும் மாறிச்சு. சரி வருஷத்தை கேட்டு குடுத்துரலாம்னா அதுவும் பத்தாது, மாடல் மாறுற வருஷத்துல பழசும் புதுசும் ரெண்டும் ரோட்டுக்கு வந்திருக்கும், ஆர்சியில இருக்குற தயாரிப்பு மாசத்தையும் சேத்து பாக்கணும். அப்புறம் வேரியண்ட் வேற இருக்கு. பவர் விண்டோ டோரா, கையால சுத்துற டோரா, இண்டிகேட்டர் ஃபெண்டர்லயா இல்ல மிரர்லயா, இதெல்லாம் கழட்டும்போது உங்களுக்கு தெரியும், ஆறு மாசம் கழிச்சு குவியல்ல இருந்து உருவும்போது யாருக்கும் தெரியாது.

ஒரு கஸ்டமர் இடது ஃபெண்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, கடை பேர் வேணாம். பளபளன்னு வெள்ளை பெயிண்ட். போல்ட் எல்லாம் லூசா மாட்டி டோரை சாத்தி பாத்தா மேல இடிக்குது, கீழ சுண்டுவிரல் போகுது. கழட்டி உள்பக்கம் திருப்பினா இண்டிகேட்டர் ஓட்டையை பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி தேய்க்கிற பசை, வச்சு அடைச்சிருக்கு, ஹெட்லைட் பக்கத்துல போல்ட் போடுற காது வளைஞ்சு அதை சுத்தியலால தட்டி நிமித்தின தழும்பு அப்படியே இருக்கு, வெளியில இருந்து பாத்தா எதுவுமே தெரியல. திருப்பி குடுக்க போனவருக்கு "வித்தது வித்ததுதான்"னு பதில். அவரு வாடகை கார் ஓட்டுறவரு, வண்டி நிக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு சோறு போற நாள்.

அதனால விக்கிறதுக்காக பெயிண்ட் அடிக்காதீங்க. கழட்டின வண்டியோட கலர்லயே கீறலோட இருந்தாதான் எங்களுக்கு நல்லது, எப்படியும் பெயிண்ட் நாங்கதான் அடிக்கப்போறோம். கஸ்டமர் காந்தத்தை துணியில சுத்தி பீஸ் மேல இழுத்து பாத்தா கோவப்படாதீங்க, பட்டி இருக்குற இடத்துல பிடி குறையும், அதைத்தான் அவரு தேடுறாரு. டேப் எடுத்து டோர் கீல் மாட்டுற ஹிஞ்ச் ஓட்டைக்கு ஓட்டை அளந்தாலும் விடுங்க, டோரோட கீழ் மடிப்புல துரு இருக்கானு விரலை விட்டு பாத்தாலும் விடுங்க.

வாங்குறவங்க பக்கத்துக்கும் நான் பேசுறேன், என் பட்டறைக்கு வர்றவங்ககிட்ட உங்க வண்டியில இருந்து கழட்டின பழைய பீஸை தூக்கி எறியாம கையோட கொண்டுபோய் பக்கத்துல வச்சு பாருங்கனு தான் சொல்றேன். இருந்தாலும் சில விஷயம் வண்டியில மாட்டி பாத்தாதான் தெரியும். பானெட் லாக் நேரா விழுதா, ரெண்டு பக்கமும் கேப் ஒரே மாதிரி இருக்கா, இதை கடை வாசல்ல பாக்க வழியே இல்ல. ஒரு நாள் டைம் குடுங்க. பெயிண்ட் அடிக்காம, வெட்டாம, தட்டாம திரும்ப வந்தா மாத்தி குடுங்க, அதே பீஸ் நாளைக்கு சரியான வண்டிக்கு போயிடும். பில்லுல மாடல், மாசம், வருஷம், வேரியண்ட், இடதா வலதா, இவ்வளவு எழுதி கீழ "ஒரு நாள் ரிட்டர்ன்"னு ஒரு வரி போட்டுட்டீங்கன்னா போதும், நாங்களும் அந்த பில்லை பாத்துதான் பீஸை கையில வாங்குவோம்.