200க்குக் கீழே என்றால் பயமில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில், மொத்தக் கொலஸ்ட்ரோல் 200க்குக் கீழே இருந்தால் மாரடைப்புப் பயம் தேவையில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் பெயரைக் காணவில்லை. நல்லதுதான், என் ஏச்சிலிருந்து தப்பிவிட்டார்.

என் தம்பிக்கு 178 (இரத்தக் கொழுப்பு எண்களெல்லாம் mg/dL கணக்கில்). புறக்கோட்டைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் விடிந்தால் பொழுதுபட்டால் உட்கார்ந்தே இருந்தவன். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் சேர்ட் பொத்தானை இழுத்துக்கொண்டு நிற்கும். பின்னேரத்தில் இரண்டு ரோல்ஸ், சீனி தூக்கலாய் ஒரு தேத்தண்ணி. ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் "நோர்மல்தானே" என்று அனுப்பிவிட்டார்கள். அதே தாளில் கீழே நல்ல கொழுப்பு, அதாவது HDL, 29; ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு 240. பக்கத்தில் நட்சத்திரக் குறிகூடப் போட்டிருந்தது. யார் பார்த்தார்கள்? 47 வயதில் போய்விட்டான். மரண அறிவித்தலை உங்கள் பத்திரிகையில்தான் காசு கட்டிப் போட்டோம்.

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே போனால் அது குறைவு. தெற்காசியர்களான எங்களிடம் அது குறைந்தும் ட்ரைகிளிசரைட் கூடியும் இருப்பது சர்வசாதாரணம். நல்லது குறைந்தால் மொத்தமும் சேர்ந்துதானே குறைந்து காட்டும், அதைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்படுவது? மாரடைப்பு பற்றி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. முதல் மாரடைப்பு எங்கள் தெற்காசியப் பக்கத்தில் 53 வயதளவில், மற்ற நாடுகளில் 59 அளவில் என்று அதில் கண்டார்கள்.

இது போதாதென்று அதே பக்கத்தின் அடியில் 'நல்ல கொழுப்பைக் கூட்டும்' மாத்திரைக்குக் கால்பக்க விளம்பரம். டோர்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொழுப்பை நன்றாகவே ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களில் சாவு கூடியதால் 2006இல் ஆய்வையே நிறுத்தினார்கள். ரிப்போர்ட்டில் இலக்கத்தை ஏற்றினால் மட்டும் ஆபத்து இறங்கிவிடாது, ஐயா. சிகரெட்டை விடுவது, சோற்றையும் சீனியையும் குறைப்பது, நடப்பது, இவற்றை விற்க யாரும் விளம்பரம் தரமாட்டார்கள் என்பது எனக்கும் விளங்குகிறது.

நடப்பதென்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளவத்தையில் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள் என்று முன்பொரு கடிதம் எழுதினேன், போடவில்லை. ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் விஷம், அடுத்த வாரம் அதுவே அமிர்தம் என்கிறீர்களே என்று கேட்டு எழுதியதை மூன்று வரியாக வெட்டி, கேள்வியையே காணாமல் பண்ணினீர்கள். சரி, பரவாயில்லை. ஆசிரியர் பீடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50க்குக் குறையக்கூடாது, ட்ரைகிளிசரைட் 150க்குள், இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் உள்ளே. ராசிபலனுக்கு அரைப்பக்கம் விடுகிறீர்கள், இதற்கு நாலு வரி போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதென்றால் என் கோபத்தை வெட்டுங்கள், எண்களில் கைவைக்காதீர்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.