அந்த 5754 எத்தனை மோலுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், "ஒரு மோல் பியூட்டேன் எரிந்தால் 5754 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும்" என்று அச்சாகியிருக்கிறது. (மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு; சமையல் சிலிண்டரில் உள்ள பியூட்டேன் வாயுவில் ஒரு மோல் 58 கிராம்.) அது இரண்டு மோலுக்கான கணக்கு என்பது தாங்கள் அறியாததல்ல. அதற்கு மேலேயே அச்சிட்ட சமன்பாட்டில் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன் என்றுதானே இருக்கிறது? 2 ஆல் வகுத்தால் ஒரு மோலுக்கு 2877. வகுக்காமல் விட்டதால், 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் பியூட்டேன் என்று கொண்டு போட்ட கணக்கும் கெட்டது. 14,200 கிராமை 58 ஆல் வகுத்தால் சுமார் 245 மோல். 7 லட்சம் கிலோஜூலில் நிற்க வேண்டிய விடை 14 லட்சத்துக்குப் போய்விட்டது.

நீர் திரவமா, ஆவியா என்றும் சொல்லவில்லை. 2877 என்பது நீர் திரவமாகக் குளிர்ந்தால் கிடைப்பது. அடுப்பில் அது ஆவியாகவே போகிறது. நீரை ஆவியாக்க மோலுக்கு 44 கிலோஜூல் வீதம், ஒரு மோல் பியூட்டேன் எரிந்து வரும் 5 மோல் நீருக்கு 220 போக, மிஞ்சுவது 2657.

இது முதல் முறையும் இல்லை. தண்டவாளம் இணைக்கும் தெர்மைட் கலவையைப் பற்றி முன்பு ஒரு கணக்கு வந்தது: அலுமினியம் 100 கிராம், இரும்பு ஆக்சைடு 100 கிராம். அலுமினியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 1578 கிலோஜூல் என்று முடித்திருந்தீர்கள். 54 கிராம் அலுமினியத்துக்கு 160 கிராம் ஆக்சைடு வேண்டும். அப்போதுதான் 852 கிலோஜூல். இருந்த ஆக்சைடோ 0.625 மோல். அது தீர்ந்ததும் வினை நின்றுவிடும். கிடைப்பது சுமார் 530. மிச்சமான 66 கிராம் அலுமினியம் அந்த வெப்பத்திலும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை.

கிராமை நேரே கிலோஜூலால் பெருக்கிய விடைத்தாள்கள் எத்தனை என்று திருத்துகிறவர்களைக் கேளுங்கள். கிராமை மோலாக்க வேண்டும், சமன்பாட்டு விகிதத்தோடு ஒப்பிட்டு எது முதலில் தீர்கிறது என்று பார்க்க வேண்டும், அதன் பிறகே வெப்பம். தமிழில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அவர்கள் வேறு எங்கே போய்ச் சரிபார்ப்பார்கள்?

திருத்தத்தை அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். எத்தனை மோலுக்கு எத்தனை கிலோஜூல் என்று தெளிவாகப் போட்டால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்